கடல் அரிப்பு: ஒரு வாக்கியத்தின் தோன்றா எழுவாய்

1

மழைக்காலம் வந்துவிட்டால் நாளிதழ்களின் உள்பக்கத்தில் தவறாமல் வருகிற படம் ஒன்று உண்டு. வட சென்னையில் ஏதோ ஒரு குப்பம். பாதி இடிந்த சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அலை. இந்தப் பக்கம் பாத்திரம் பண்டங்களோடு நிற்கிற ஒரு பெண். கீழே 'கடல் அரிப்பு' என்று இரண்டே சொல். சில பத்திரிகைகள் ஒருபடி மேலே போய் 'கடல் சீற்றம்' என்று போடும். படத்தைப் பார்க்கிறோம், உச்சுக்கொட்டுகிறோம், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இயற்கை செய்கிற வேலைக்கு யார் என்ன பண்ண முடியும்?

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு சின்ன இலக்கணச் சந்தேகமாவது வரவேண்டும். 'கடல் அரிப்பு' என்பதை விரித்தால் 'கடல் கரையை அரித்தது' என்றாகும். கடல் எழுவாய், கரை செயப்படுபொருள், அரித்தது பயனிலை. கச்சிதமான வாக்கியம். குற்றப்பத்திரிகை மாதிரியே இருக்கிறது. குற்றவாளி கடல். கடலைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. நிவாரணம், நாலு லோடு கருங்கல், அமைச்சரின் பார்வை. அவ்வளவுதான்.

வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதுதான் நவீனத் தொன்மத்தின் வேலை என்று ரோலண் பார்த் 1957இல் விளக்கினார். அவர் பேசியது மல்யுத்தம், விளம்பரம், பத்திரிகை அட்டை பற்றி. நம்மிடம் உள்ள உதாரணம் இன்னும் நேரடியானது. இங்கே ஒரு கட்டுமானத்தின் வரலாறு சொல்லுக்குச் சொல் 'இயற்கை' ஆக்கப்பட்டிருக்கிறது. கடல் என்கிற எழுவாய்க்குப் பின்னால் இன்னொரு எழுவாய் ஒளிந்துகொண்டிருக்கிறது. இலக்கணத்தில் அதைத் தோன்றா எழுவாய் என்போம். அதைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

தேடுவதற்கு முன்னால், கரை என்பது எப்படி உண்டாகிறது என்று பார்த்தாக வேண்டும். அது விஞ்ஞானம், நமக்கெதற்கு என்று ஒதுங்குவது நம் பக்கத்து நோய். இந்த விஷயத்தில் அரசியல், விஞ்ஞானத்துக்கு வெளியே எங்கேயும் இல்லை. மணலுக்குள்ளேதான் இருக்கிறது.

2

எம்.ஏ. வகுப்பில் நெய்தலை நாங்கள் ஒரு கட்டமாகத்தான் படித்தோம். முதல், கரு, உரி என்று மூன்று பத்தி. நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது எற்பாடு, ஒழுக்கம் இரங்கல், தெய்வம் வருணன். பரீட்சைக்கு அது போதும். அந்தக் கட்டத்துக்குள் நிலம் அசையவே அசையாது. தலைவிதான் கரையில் நின்று கலங்குவாள். கரை அப்படியே இருக்கும்.

ஆனால் கருப்பொருள் என்று மனப்பாடம் செய்த அதே பட்டியலை வேறு மாதிரியும் வாசிக்கலாம். அடும்பு, தாழை, புன்னை, கண்டல், கழி, மணல்மேடு. ஒரு கரை எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதன் பட்டியல் இது. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல் மேடாகிறது. புயல் வந்தால் அலை அந்த மேட்டிலிருந்து மணலை எடுக்கிறது. கொஞ்ச தூரம் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டாகப் போடுகிறது. அடுத்து வருகிற பெரிய அலை அந்தத் திட்டில் மோதி உடைந்து பலம் இழக்கிறது. புயல் ஓய்ந்தபின் சின்ன அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மணல்மேடு என்பது கரையின் சேமிப்பு. கஷ்டகாலத்தில் எடுப்பதும் நல்ல காலத்தில் திருப்பிப் போடுவதுமாக வரவும் செலவும் நடக்கிறது. கரை குறுகும், அகலும். குறுகிய கரையை மட்டும் படம் பிடித்து 'அரிப்பு' என்று சொன்னால் அது பாதி உண்மை.

இது கரைக்கும் கடலுக்கும் நடுவே நடக்கிற கணக்கு. இன்னொரு கணக்கு கரையின் நீளத்துக்கு நடக்கிறது. நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

கடலில் இறங்கிக் குளித்தவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. கால்மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கழற்றி வைத்த சட்டையும் செருப்பும் வேறெங்கோ இருக்கும். யாரும் எடுத்துவைக்கவில்லை, நாம்தான் நகர்ந்திருக்கிறோம். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்வாக ஏறுகிற தண்ணீர் மணலைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. இறங்கும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. இதோடு, அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் இடையில் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து கரையோரமாக மணலால் ஆன ஒரு ஆறு போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாம் கரை என்று சொல்வது அந்த ஆற்றின் மேல்பரப்பை.

சோழமண்டலக் கரையில் இந்த ஆறு வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கே இருந்து சாய்ந்து வருகின்றன. மணல் வடக்கே போகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் அலைகள் வடகிழக்கிலிருந்து வருகின்றன; மணல் தெற்கே திரும்புகிறது. சென்னைக் குப்பங்களில் தெற்கிலிருந்து வருகிற ஓட்டத்தைத் 'தெண்டி' என்றும் வடக்கிலிருந்து வருவதை 'வன்னி' என்றும் சொல்கிறார்கள். வலை போடுகிறவனுக்கு இது அன்றாட அறிவு. தெற்குக் காற்றின் காலம் நீளம், வடக்குக் காற்றின் காலம் குறைச்சல். ஆகவே வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், போனது அதிகம், திரும்பியது குறைவு. மணலின் நிகரப் பயணம் தெற்கிலிருந்து வடக்கு.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்தது. காவிரியும் பெண்ணையாறும் பாலாறும் மலையை உடைத்துப் பொடியாக்கிக் காலங்காலமாகக் கடலில் கொட்டியது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீர் மட்டும் தேங்குவதில்லை, மணலும் தேங்குகிறது. மிச்சம் ஆற்றில் கிடந்ததை லாரிகள் அள்ளின. நாம் குடியிருக்கிற கான்கிரீட் வீடு ஒவ்வொன்றும் கரைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோன மணல்தான்.

3

இப்போது தோன்றா எழுவாய்க்கு வரலாம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1640இல் கோட்டை கட்டத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாய்த்தது திறந்த மணற்கரை. கப்பல்கள் வெளியே ஆழத்தில் நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. அலையை எதிர்க்காமல் அதோடு ஒத்துப்போகிற தொழில்நுட்பம். இருநூறு வருஷத்துக்கும் மேலாகப் பேரரசின் வணிகம் அந்தப் படகோட்டிகளின் கையில்தான் இருந்தது. அவர்கள் துடுப்புப் போட்டால்தான் துரை கரையேற முடியும்.

வணிகத்துக்கு இது பிடிக்காது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1861இல் ஒரு இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டிப் பார்த்தார்கள். போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த வருஷம் வேலை தொடங்கியது. அதே 1876-78தான் தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிகளை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டியதும், அதற்குப் பக்கிங்ஹாம் பெயரை வைத்ததும் இந்தக் காலத்தில்தான். சென்னையின் கரை இன்றுள்ள வடிவத்துக்கு வரத் தொடங்கியது ஒரு பஞ்சத்தின் நிழலில்.

கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டின மாதிரி இரண்டு அலைத் தடுப்புகள். வாய் கிழக்கே பார்த்து இருந்தது. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கைகளை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். ஆனால் புயலைவிடப் பிடிவாதமான எதிரி மணல். தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே தெற்குக் கை அணை மாதிரி நின்றது. மணல் அதன் பக்கத்தில் குவிந்தது. குவிந்து நிறைந்தபின் முனையைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் நுழைந்தது. துறைமுகத்தின் வாயே மூடிக்கொள்ளும் நிலைமை. 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயை அடைத்துவிட்டு வடகிழக்குப் பக்கமாகப் புது வாய் திறந்தார். சென்னைக் கரையின் மணல் நகர்வைப் பற்றியே கட்டுரை எழுதிய பொறியாளர் அவர்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மணல் நடப்பது தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அளந்து, எழுதி, விவாதித்த விஷயம். ஆனால் விவாதம் முழுக்க ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: துறைமுகத்துக்குள் மணல் வராமல் தடுப்பது எப்படி? வராமல் தடுத்த மணல் யாருக்குப் போய்ச் சேரவேண்டியதாக இருந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லாடலுக்கு உள்ளேயே வரவில்லை. மையம் துறைமுகம், மற்றதெல்லாம் விளிம்பு.

4

தெற்கே குவிந்த மணல்தான் நம் மெரினா.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ்ஹவுஸ் வாசலில் போய் நிற்கலாம். 1842இல் கட்டின கட்டடம். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் படகில் இறக்கி, உருகுவதற்குள் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகக் கடலோரத்தில் கட்டினது. இன்று அங்கிருந்து தண்ணீரைத் தொட வேண்டுமானால் சாலையைக் கடந்து, மணலில் கால் புதையப் புதைய சில நூறு மீட்டர் நடக்கணும். அவ்வளவும் பெரும்பாலும் துறைமுகத்துக்குப் பிறகு வந்த நிலம். 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் கரையோரமாக உலாச்சாலை போட்டு, இத்தாலிய ஞாபகத்தில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். இன்று சில இடங்களில் அதன் அகலம் 300 மீட்டருக்கும் மேல். சிலைகள், சமாதிகள், சுண்டல், காணும் பொங்கல், 2017 ஜனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்டம். நவீனத் தமிழ் அரசியலின் மேடையே அந்த மணல்தான். அந்த மேடை எப்படி வந்தது என்று நாம் கேட்டதில்லை. கூவத்தின் முகத்துவாரமும் அந்த மணல் குவிகிற பகுதிக்குள்தான் இருக்கிறது. கூவம் தேங்கி நாறுவதற்குச் சாக்கடை முதல் காரணம். வாய் அடைபடுவது இன்னொரு காரணம்.

இனி வடக்கே வரலாம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். கடல் அங்கேயும் அதே கடல்தான். தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் வடக்கே போகவேண்டியது போய்க்கொண்டே இருந்தது. வரவு நின்று செலவு நிற்காத வீடு என்ன ஆகும்? நூற்றைம்பது வருஷமாக அதுதான் நடக்கிறது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை காயப்போட்ட திடல்கள் போயின. இப்போது நெடுஞ்சாலை ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் கருங்கல் அடுக்கியிருக்கிறது.

மெரினா வளர்ந்ததும் ராயபுரம் தேய்ந்ததும் இரண்டு நிகழ்ச்சிகள் இல்லை. ஒரே நிகழ்ச்சி. ஒரு பக்கத்தைப் 'பெருமை' என்றும் மறுபக்கத்தைப் 'பேரிடர்' என்றும் இரண்டு தலைப்பில் நாம் வாசிக்கிறோம். தென்சென்னையின் ஓய்வு வெளி வடசென்னையின் குடியிருப்பிலிருந்து எடுத்தது என்று சொன்னால் அது உருவகமில்லை. கன அடியில் அளக்கக்கூடிய உண்மை.

சொத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கணும். தெற்கே புதிதாக வந்த மணல் யாருக்குச் சொந்தம்? கடற்கரைப் புறம்போக்கு, அதாவது அரசுக்கு. வடக்கே போன வீடு யாருடைய நஷ்டம்? மீனவனுடையது. வளர்ந்தது பொதுச்சொத்து, தேய்ந்தது தனிச்சோகம். வளர்ந்த மணலிலும் மீனவனுக்கு இடமில்லை என்பதைக் காட்ட 1985 போதும். மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றச் சொன்ன அரசுக்கும் மீனவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்கிற பெண்களின் கடைகளை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். மாலை நடைக்கு வருகிறவனுக்குக் கரை ஒரு காட்சி. மீன் விற்கிறவளுக்கு அது தொழிற்சாலை. இரண்டு பேரும் மோதுகிறபோது அரசு எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது நமக்குத் தெரியும்.

5

தொழிற்சாலை என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். உழவனுக்கு வயல் மாதிரி மீனவனுக்குக் கடல் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கரையை மறந்துவிடுகிறோம். கட்டுமரத்தையோ ஃபைபர் போட்டையோ ஏற்றி வைக்க மணல் வேணும். கரைவலை இழுக்க நீளமான திறந்த கரை வேணும். வலை பின்ன, ஏலம் விட, கருவாடு காயவைக்க இடம் வேணும். கருவாடும் சில்லறை விற்பனையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிற தொழில். மணல் போனால் முதலில் போவது கரைவலையும் கருவாடும். கல் வந்தபின் படகைக் கரையேற்ற முடியாது. பக்கத்துத் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தணும். வீடு ஒரு இடம், படகு ஒரு இடம், டீசல் செலவு, வியாபாரியைச் சார்ந்திருப்பது. கல் ஊரைக் காப்பாற்றலாம். ஊர் ஊராக இருந்ததற்கான காரணத்தைக் காப்பாற்றாது.

கல் இன்னொன்றும் செய்கிறது. மணற்சரிவில் ஏறுகிற அலை மெதுவாகத் தன் பலத்தைச் செலவழித்துவிட்டுத் திரும்பும். சுவரில் மோதுகிற அலை அதே வேகத்தில் திரும்பி, அடிவாரத்து மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் கல் சரியும். மேலே இன்னும் கல் போடணும். ஒப்பந்தக்காரருக்கு இது நல்ல கடல்.

அதற்கு அடுத்த வைத்தியம் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரப்பு, தூண்டில்முள் மாதிரி முனையில் வளைந்தது. இது ஒரு குட்டித் துறைமுகக் கை. மணல் இதன் தெற்கே தங்கும், வடக்கே குறையும். 2004 முதல் ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வரிசையாக இவற்றைப் போட்டார்கள். வளைவுகளுக்கு இடையில் சில இடங்களில் மணல் திரும்பியது உண்மை. ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கிற ஊருக்கு அரிப்பு கைமாற்றப்படுகிறது. அந்த ஊர் தனக்கும் ஒன்று கேட்கிறது. கொடுத்தால் அதற்கு அடுத்த ஊர்.

இதை முழுசாகப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போகலாம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத் தடுப்புகள் கட்டினார்கள். சென்னையில் நூறு வருஷத்துக்கு முன் நடந்தது தெரியும். அதனால் தெற்கே சேர்கிற மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில வருஷங்களில் நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் குவியல்தான் மிச்சம். நகரத்தைக் காக்கக் கல் போட்டதும் அரிப்பு வடக்கே நகர்ந்தது: குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர். அத்தோடு யூனியன் பிரதேசம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் தமிழ்நாடு: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். மணலுக்கு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். புதுவை போட்ட கல்லின் விளைவு தமிழ்நாட்டு மீனவன் வீட்டில் முடிகிறது. அவன் எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பான்?

இயக்கத் தோழர்கள் தயங்காமல் முகம்கொடுக்க வேண்டிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தூண்டில் வளைவு கேட்டுச் சாலை மறியல் செய்கிறவர்கள் மீனவர்களே. 'கல் போடாதே, அது அடுத்த ஊரைக் கெடுக்கும்' என்று சூழலியல் பாடம் எடுக்க நமக்கு என்ன யோக்கியதை? அடுப்பங்கரை வரைக்கும் தண்ணீர் வந்த பெண்ணிடம் நிகர மணல் நகர்வைப் பற்றி விளக்க முடியாது. ஆனால் நாம் பேசாமல் இருந்தால் நடப்பது இதுதான்: வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஊர்களில் ஒவ்வொன்றும் தன் வடபக்கத்து ஊருக்கு எதிரியாகிறது. பெரிய துறைமுகம் செய்ததைச் சின்ன அளவில் ஒவ்வொரு குப்பமும் அடுத்த குப்பத்துக்குச் செய்யும்படி ஏற்பாடு ஆகிறது. தெற்கே இருக்கிற முதல் கல்லை யாரும் கேட்பதில்லை. அதிகாரத்துக்கு இதைவிட வசதியான நிலத்தோற்றம் கிடைக்காது.

6

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கரையைத் தொடாதீர்கள் என்று கடலோர முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரியில் அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. அப்புறம் திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2011இல் புது அறிவிக்கை. 2019இல் இன்னொன்று: மக்கள் அடர்த்தி அதிகமான கிராமக் கரைகளில், 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப்பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது. இங்கே கரை இரண்டு பக்கமிருந்தும் அரிக்கப்படுகிறது, ஒரு பக்கம் அலையால், இன்னொரு பக்கம் அரசிதழால். இரண்டாவதற்கு மட்டும் 'வளர்ச்சி' என்று பெயர்.

சட்டத்தின் அடிப்படைச் சிக்கல் அது கோட்டைக் கொண்டு யோசிக்கிறது என்பது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அனுமதி, அந்தப் பக்கம் தடை. ஆனால் கரை கோடாக என்றைக்கும் இருந்ததில்லை. துறைமுகம், கரையில் இருந்தே ஆகவேண்டிய தொழில் என்பதால் அதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. ஆக, கோட்டை நகர்த்துகிற மிகப்பெரிய சக்தியை அனுமதித்துவிட்டு, நகர்ந்த கோட்டுக்குள் குடிசை போட்டவனிடம் ஆவணம் கேட்கிறோம்.

2001இல் எண்ணூரில் பெரிய துறைமுகம் வந்தது. அதன் பக்கத்தில் கட்டுப்பள்ளித் துறைமுகம். அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. ஏரியையும் கடலையும் பிரிப்பது ஒரு மெலிந்த மணற்பட்டைதான். கட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்ததற்கு இந்த மணற்பட்டை ஒரு முக்கியக் காரணம். தெற்கே ராயபுரத்துக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கடல் மீது தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு அன்று நடந்தே போயிருக்கலாம். பனி உருக உருகக் கடல் ஏறிவந்து இன்றைய இடத்தை ஒட்டி நின்று ஆறேழு ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. கடல் வந்துபோகிற சாமி. இப்போது மறுபடி ஏறுகிறது. 1900க்குப் பிறகு உலக சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; 2006-2018 காலத்தில் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்று பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு சொல்கிறது. ஆனால் இந்த ஏற்றத்தின் எழுவாயும் கடல் இல்லை. எரித்த நிலக்கரி, எரித்த எண்ணெய். வேறு யாரோ எங்கோ எரித்தது எண்ணூர்க் குப்பத்தில் வந்து ஏறுகிறது. கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. 'பருவநிலை மாற்றம்' என்கிற சொல் இப்போது 'கடல் சீற்றம்' செய்த வேலையையே செய்யத் தொடங்கியிருக்கிறது. பக்கத்துத் துறைமுகம் ஒரு வருஷத்தில் நிறுத்திவைத்த மணலைப் பற்றிப் பேசாமல், நூறு வருஷத்து உலக வெப்பத்தைப் பற்றி மாநாடு போடலாம். இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பதுதான் பொய்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டுக் கரையில் மூன்றில் ஒரு பங்கு தேய்கிறது என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 41 சதவீதம், புதுச்சேரியில் 57. தேவையான கணக்கு. ஆனால் சதவீதத்துக்கும் எழுவாய் கிடையாது. தேய்ந்த பகுதியின் தெற்கே என்ன கட்டியிருக்கிறது என்ற கேள்வியை அதன் பக்கத்தில் நாம்தான் எழுதிச் சேர்க்கணும்.

7

வழியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, மர்மமும் இல்லை. நிறுத்திய மணலை நிறுத்தியவனே எடுத்து அந்தப் பக்கம் கொடுக்கவேண்டும். துறைமுகம் தூர் வாருகிற மணலை ஆழ்கடலில் கொட்டாமல் வடக்குக் கரையில் கொட்டலாம். புதுச்சேரியில் 2018இல் நகரக் கரைக்கு எதிரே ஆப்பு வடிவத்தில் எஃகுத் திட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்தார்கள். வாரிய மணலையும் அந்தப் பக்கம் சேர்த்தார்கள். முப்பது வருஷமாகக் கல்லாக இருந்த இடத்தில் ஓரளவு மணல் திரும்பியது. பிள்ளைகள் இறங்கி விளையாடினார்கள். இது தீர்ந்துபோன வெற்றி இல்லை. வருஷா வருஷம் செய்தால்தான் நிற்கும். ஆனால் ஒன்றை நிரூபித்தது: மணல் வந்தால் கடல் 'அரிப்பதில்லை'.

ஆகவே கோரிக்கையின் வாக்கியத்தை மாற்றலாம். 'எங்கள் ஊருக்குக் கல் கொடு' என்பது ஒரு ஊரின் வாக்கியம். 'எங்கள் மணலைத் திருப்பிக் கொடு' என்பது வரிசையாக இருக்கிற எல்லா ஊருக்கும் பொதுவான வாக்கியம். முதலாவது அடுத்த குப்பத்தைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது துறைமுகத்தைப் பார்த்துப் பேசுகிறது. தண்ணீரில் கடைமடைக்கு உரிமை உண்டு என்று விவசாயி சண்டை போடுகிறான். நமக்குப் புரிகிறது, பக்கத்தில் நிற்கிறோம். மணலிலும் கடைமடை உண்டு.

எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. நிலம் தன் இயல்பு திரிந்து வேறு நிலமாகும் என்ற யோசனை நமக்குப் புதிது இல்லை. பாலையைப் பற்றி அப்படித்தான் சிலப்பதிகாரம் யோசித்தது. நெய்தல் திரிந்தால் என்ன ஆகும் என்று பழைய இலக்கணம் சொல்லவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் போய்ப் பார்த்தால் தெரியும்: கல்லும் கல் சார்ந்த இடமும். அதன் உரிப்பொருளை இரங்கல் என்று மட்டும் எழுதினால், இடிந்த சுவருக்கு முன்னால் நிற்கிற பெண்ணைப் படம் பிடித்த பத்திரிகைக்காரனைத் தாண்டி நாம் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்த மழைக்கு அந்தப் படம் மறுபடி வரும். அப்போது கீழே இருக்கிற இரண்டு சொல்லை அடித்துவிட்டு ஒரு கேள்வியை எழுதிப் பார்க்கலாம்: இந்தக் கரைக்கு வரவேண்டிய மணலை நிறுத்தியது யார்?